சிவப்புக் கட்டங்களைத் தேடி

“தினமும் ஒரு மணி நேரம் விளையாட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், கைப்பேசியை அளவோடு பார்க்க வேண்டும்.” உடல்நலம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் நாம் இதைச் சொல்கிறோம். மாணவர்களும் தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அவர்களுடைய நாளில் அந்த ஒரு மணி நேரம் உண்மையில் இருக்கிறதா, இல்லையென்றால் அதை எது எடுத்துக்கொள்கிறது என்பதை விடைத்தாள் காட்டாது.

அதைக் கண்டறிய எட்டாம் வகுப்பு மாணவர்களோடு ஒரு வாரம் செய்த செயல்பாட்டையும், அதிலிருந்து தெரியவந்தவற்றையும் இங்கே பகிர்கிறேன். இதற்குத் தேவை ஆளுக்கு ஒரு தாளும் ஐந்து வண்ணப் பென்சில்களும்தான். எங்கள் பள்ளி இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். உங்கள் ஊரில் வயலோ தறியோ தீப்பெட்டித் தொழிலோ இருக்கலாம். செயல்பாடு ஒன்றுதான்.

செயல்பாடு: 24 கட்டங்கள்

1. தாளில் நீளவாக்கில் 24 கட்டங்கள் வரைய வேண்டும். ஒரு கட்டம் ஒரு மணி நேரம். இப்படி ஏழு வரிசைகள், திங்கள் முதல் ஞாயிறு வரை.

2. தூக்கத்துக்கு நீலம். பள்ளிக்கும் வீட்டுப்பாடத்துக்கும் பச்சை. வீட்டு வேலைக்கும் குடும்பத் தொழிலில் செய்யும் உதவிக்கும் பழுப்பு. தொலைக்காட்சி, கைப்பேசிக்குக் கறுப்பு. விளையாட்டு, ஆட்டம், பாட்டு, கடற்கரையில் சுற்றுவது எனத் தானே விரும்பிச் செய்யும் எல்லாவற்றுக்கும் சிவப்பு. சாப்பாடு, குளியல், பயணம் ஆகியவற்றை வெள்ளையாக விட்டுவிடலாம். அரை மணி நேரம் என்றால் கட்டத்தில் பாதி.

3. தாளில் பெயர் வேண்டாம். மாணவரா மாணவியா என்று மட்டும் குறித்தால் போதும். இதில் சரியான விடை, தவறான விடை எதுவும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நமக்குப் பிடிக்கும் வண்ணத்தைத் தீட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

4. தாள்களை வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது. பழுப்புக் கட்டங்களில் ஒரு குடும்பத்தின் கஷ்டம் இருக்கலாம்.

தாள்கள் காட்டியவை

மாணவர்களின் தாள்களில் மாலை நேரத்தில் சிவப்பு இருந்தது. கடற்கரை மணலில் பந்து, கிரிக்கெட், கபடி. அதன் பிறகு கறுப்பு தொடங்கி, இரவு பதினொரு மணி வரை நீண்டது. நீலம் அந்த அளவுக்குச் சுருங்கியது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பலருக்கு ஏழுகூட இல்லை. காலையில் முதல் பாடவேளையில் கண் சொருகுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல என்பது தாளைப் பார்த்ததும் விளங்கியது.

மாணவியரின் தாள்களில் கறுப்பு குறைவு, பழுப்பு அதிகம். தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, பாத்திரம், துணி, கருவாடு காயவைப்பது. ஒரு வாரம் முழுவதும் ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லாத தாள்கள் சில வந்தன. அவை எல்லாமே மாணவியருடையவை. அந்த வாரம் விளையாட்டுப் பாடவேளை தேர்வுக்கான திருப்புதலுக்குப் போயிருந்தது. அவர்கள் அந்தக் கட்டத்தை நேர்மையாகப் பச்சையாகவே தீட்டியிருந்தார்கள்.

இந்தப் பச்சைக் கட்டத்தைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். ஒரு மாணவனுக்கு விளையாட்டுப் பாடவேளை போனால் மாலையில் மணல் இருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு அப்படி இல்லை. “இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்திடணும்” என்பது தாயின் அக்கறை. அதைக் குறை சொல்ல முடியாது. எனவே பெரும்பாலான மாணவியருக்கு விளையாட இடம் பள்ளி மைதானம் ஒன்றுதான், நேரம் அந்தப் பாடவேளை ஒன்றுதான். அதைக் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேறு நேரம் கிடையாது.

வேலை செய்தால் போதாதா?

தாள்களைத் தொகுத்து, வண்ணங்களின் கூட்டுத்தொகையை மட்டும் கரும்பலகையில் எழுதியதும் விவாதம் தொடங்கியது. ஒரு மாணவன் கேட்டான்: “குடம் தூக்குறதும் உடற்பயிற்சிதானே டீச்சர்? அப்புறம் எதுக்கு விளையாட்டு?” பக்கத்தில் இருந்த மாணவியைக் காட்டி, “இவ எங்க எல்லாரையும்விட நல்லா நீந்துவா” என்றான்.

அவள் சொன்னாள்: “நீந்துவேன். ஆனா விளையாட்டுக்குன்னு நீந்தி ரொம்ப நாளாச்சு.”

கேள்வி நியாயமானது. இதயத்துக்குக் குடமும் பந்தும் ஒன்றுதான்; இரண்டிலும் துடிப்பு கூடும். உழைக்கும் பிள்ளைகளிடம் “உங்களுக்கு உடற்பயிற்சி போதவில்லை” என்று சொல்வது பொருந்தாது. ஆனால் வேலையில் ஒரே தசைகள் ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப இயங்குகின்றன. இடுப்பில் ஒரு பக்கமாகக் குடம் சுமந்தால் முதுகு ஒரு பக்கமாகவே வளைகிறது. விளையாட்டில் ஓட்டம், திருப்பம், தாவல், நிறுத்தம் எல்லாம் கலந்து வருகின்றன. இன்னொரு வேறுபாடும் உண்டு. வேலையை நினைத்தபோது நிறுத்த முடியாது. விளையாட்டை நாமே தொடங்கி, நாமே விதி வகுத்து, தோற்றாலும் சிரித்து, வேண்டும்போது நிறுத்தலாம். மனம் இளைப்பாறுவது இந்த விருப்பத்தில்தான்.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க எங்கள் கடலிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி இறங்கும் கடினமான தொழில். அவர்கள் பாசி எடுப்பதை மாதத்தில் 12 நாட்களுக்கு மட்டும் எனத் தாங்களே வரையறுத்துக்கொண்டார்கள். கடலின் வளம் அழியாமல் இருக்க எடுத்த முடிவு அது. அந்தப் பெண்களின் தலைவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ஆம் ஆண்டு சீகாலஜி விருது கிடைத்தது. அன்றாடம் பிழைப்புக்குக் கடலை நம்பியிருப்பவர்களே ‘இத்தனை நாள் தொழில், மற்ற நாள் கடல் ஓய்வெடுக்கட்டும்’ என்று சொல்ல முடிந்திருக்கிறது. நம் ஒரு நாளிலும் அப்படி ஒரு கோடு கிழிக்க முடியாதா என்று கேட்டேன்.

பாடங்களோடு இணைத்தல்

இந்த ஒரு தாளை வைத்துப் பல பாடவேளைகள் நடத்தலாம். பாடம் தவறிவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

கணிதம்: எட்டாம் வகுப்பின் வட்ட விளக்கப்படத்துக்கு இதைவிட நல்ல தரவு கிடைக்காது. 24 மணி நேரம் 360 பாகை என்றால் ஒரு மணி நேரம் 15 பாகை. ஒன்பது மணி நேரத் தூக்கம் 135 பாகை. ஒரு மணி நேர விளையாட்டு வெறும் 15 பாகை. வரைந்து பார்த்த மாணவி ஒருத்தி, “இவ்வளவு ஒல்லியாவா இருக்கு? இதைக்கூடவா ஒதுக்க முடியல?” என்றாள்.

அறிவியல்: மணிக்கட்டில் நாடித்துடிப்பை 15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வில் ஒரு முறை, இரண்டு நிமிடம் கயிறு தாண்டியதும் ஒரு முறை, மூன்று நிமிடம் உட்கார்ந்த பிறகு ஒரு முறை. ஓய்வில் பெரும்பாலும் 60 முதல் 100க்குள் இருக்கும். கயிறு தாண்டிய பிறகு எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நாலைந்து வாரம் ஒழுங்காக விளையாடிவிட்டு மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். அடுத்தவரோடு ஒப்பிடாமல் தன் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் எண்ணிக்கை எழுதும் பணியைச் செய்யட்டும்.

சமூக அறிவியல்: தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான கடலை 1966இல் மிகிர் சென் 25 மணி நேரத்துக்கு மேல் நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையைப் போகவும் வரவும் சேர்த்து 51 மணி நேரத்தில் நீந்தினார். 1994இல் 12 வயதுச் சிறுவன் குற்றாலீஸ்வரன் கடந்தார். 2004இல் பூலா சௌத்ரி கடந்தார். 2022 மார்ச்சில், ஆட்டிசம் உள்ள 13 வயது மாணவி ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தார். சராசரி வேகம் என்ன என்று கணக்கிடச் சொன்னேன். மணிக்கு 2.2 கிலோமீட்டர் என்று விடை வந்ததும் வகுப்பில் சலசலப்பு. “நாம நடக்குறதே அதைவிட வேகம் டீச்சர்!” ஆம், வேகத்தைவிட விடாமல் தொடர்வதுதான் உடல் உறுதி. இந்தப் பட்டியலில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் மாணவியர்தான் முதலில் கவனித்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீந்தத் தெரிந்த பிள்ளைகள் என்றாலும் பள்ளி சார்பில் யாரையும் கடலில் இறக்கக் கூடாது. நீச்சல் வீரர்களோடு துணைப்படகும் பயிற்சியாளரும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். யாராவது தண்ணீரில் தத்தளித்தால் குதிக்காமல் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். கம்பையோ துணியையோ நீட்ட வேண்டும். மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேனைக் கயிறு கட்டி எறிய வேண்டும். இந்தப் பயிற்சியைத் தரையிலேயே கொடுத்துவிடலாம்.

தமிழ்: சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் பெண்கள் தோழியரோடு ஓரை ஆடுகிறார்கள், ஈர மணலில் வண்டற்பாவை செய்கிறார்கள், நண்டை விரட்டுகிறார்கள், கடலாடுகிறார்கள். எங்கள் தமிழாசிரியை இதைச் சொல்லிவிட்டு, “உங்க அப்பத்தா, அம்மாச்சி எல்லாம் என்ன விளையாடுனாங்கன்னு கேட்டு எழுதிட்டு வாங்க” என்றார். கிளித்தட்டு, சடுகுடு, நொண்டி, சோழி வைத்து ஆடும் பல்லாங்குழி, தாயம் என்று பட்டியல் நீண்டது. பேத்திகளின் தாளில் இல்லாத சிவப்பு பாட்டிகளின் நினைவில் இருந்தது.

எது பொழுதுபோக்கு?

பள்ளியில் திரையிடப்படும் சிறார் திரைப்படத்துக்கு எந்த வண்ணம் என்ற கேள்வி எழுந்தது. திரையில் பார்ப்பதால் கறுப்பு என்றார்கள் சிலர். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம், முடிந்ததும் பேசினோம், ஆகவே சிவப்பு என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு என்று முடிவாயிற்று. அதே அளவுகோலைக் கைப்பேசிக்கும் வைத்தோம். தனியாகப் படுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தள்ளிக்கொண்டே போன ஒரு மணி நேரத்தில் என்ன பார்த்தோம் என்று மறுநாள் எழுதச் சொன்னால் எழுத முடிகிறதா? பெரும்பாலோரால் முடியவில்லை. கோயில் திருவிழாவின் பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எந்தப் பொழுதுபோக்கு நம்மிடம் தங்குகிறது, எது கரைந்துவிடுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்ள இது போதும். கைப்பேசியைத் திட்ட வேண்டிய தேவை ஏற்படவில்லை.

மைதானத்தில் என்ன செய்தோம்?

தொகுத்த கணக்கைத் தலைமையாசிரியரிடமும் பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் காட்டினோம். விளையாட்டுப் பாடவேளையை வேறு எதற்கும் எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. மாணவியருக்குக் கிளித்தட்டு கற்றுத்தர ஒரு மாணவியின் அப்பத்தாவே வந்தார். மணலில் கோடு போட்டால் ஆடுகளம் தயார். கருவி எதுவும் வேண்டாம். ஒரே நேரத்தில் பலர் ஆடலாம். திடீர் ஓட்டம், திடீர் நிறுத்தம் என்று பத்து நிமிடத்தில் நாடித்துடிப்பு ஏறிவிடுகிறது. ஓட விருப்பமில்லாதவர்களுக்குக் கும்மியும் ஒயிலாட்டமும் இருக்கின்றன.

தாய்மார்கள் சிலர் மாதவிடாய் நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். பிள்ளைக்கு வலியோ அசதியோ இருந்தால் ஓய்வெடுக்கட்டும். நன்றாக இருந்தால் அந்த நாட்களிலும் விளையாடுவதில் தவறில்லை என்று பள்ளிக்கு வரும் கிராமச் சுகாதாரச் செவிலியர் விளக்கினார். நாப்கின் இருக்கும் இடமும் தண்ணீர் வரும் கழிப்பறையும் இருந்தால் பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வருவார்கள். எங்கள் பக்கத்து வெயிலையும் புழுக்கத்தையும் நினைத்து, நண்பகல் பாடவேளையை மாலையின் கடைசிப் பாடவேளைக்கு மாற்றினோம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் கட்டாயம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலியக்கம் வேண்டும் என்கிறது. வாரத்தில் ஓரிரு பாடவேளைகள் அதை நிறைவு செய்யாது. ஆனால் வேறு நேரமே இல்லாத பிள்ளைக்கு அதுதான் தொடக்கம்.

ஆசிரியரின் தாள்

பிள்ளைகள் சும்மா விடவில்லை. “உங்க தாளைக் காட்டுங்க டீச்சர்” என்றார்கள். ஓய்வறையில் நாங்களும் தீட்டினோம். பச்சையும் பழுப்பும் நிறைந்திருந்தன. சிவப்புக்காகத் தேட வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு அதே வழிகாட்டுதல் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம். நாளுக்கு அரை மணி நேர வேக நடை என வாரம் ஐந்து நாள் நடந்தாலே 150 வந்துவிடும். நாள் முழுவதும் நிற்கிறோமே என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. நிற்பது நடப்பதாகாது. அசையாமல் நின்றால் கால் நரம்புகளில் இரத்தம் தேங்கும். கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் அது மேலே ஏறும். கரும்பலகையில் பிள்ளைகள் எழுதும் நேரத்தில் குதிகாலைப் பத்து முறை தூக்கி இறக்கலாம்.

தொண்டையும் நம் தொழிற்கருவி. பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை அதிர்கின்றன. ஒரு பாடவேளையில் 20 நிமிடம் பேசினால் 2,40,000 அதிர்வுகள். ஐந்து பாடவேளைக்கு 12 இலட்சம். தண்ணீரை அருகில் வைத்து ஒவ்வொரு மிடறாகக் குடிப்பது, அடிக்கடி தொண்டையைச் செருமாமல் இருப்பது, கத்துவதற்குப் பதில் கைதட்டி அமைதியைக் கொண்டுவருவது ஆகியவை உதவும். தொண்டை கட்டியபோது கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சிரமம்தான். பேசாமல் இருப்பதே ஓய்வு. குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று ஆசிரியைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பல பள்ளிகளில் உண்டு. சிறுநீர்த் தொற்று அங்கேதான் தொடங்குகிறது. பாடவேளைகளுக்கு இடையில் ஐந்து நிமிடம் பக்கத்து வகுப்பைப் பார்த்துக்கொள்வதாக ஆசிரியைகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டால் இது தீரும்.

மனத்துக்கும் ஏதாவது வேண்டும். இராமேஸ்வரத்தில் பிறந்து, இறுதி நாளில்கூட மாணவர்முன் நின்றுகொண்டிருந்த அப்துல் கலாம் அத்தனை பணிகளுக்கு இடையிலும் வீணை வாசித்தார், கவிதை எழுதினார். நமக்கு அது கோலமாக இருக்கலாம், தோட்டமாக, பழைய பாட்டாக, மாலை நடையாக இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கடலில் விசைப்படகுகள் இறங்குவதில்லை. மீன்கள் பெருகக் கடலுக்கே 61 நாள் விட்டுக் கொடுக்கிறோம். ஆசிரியர் தமக்கு நாளில் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வது பெரிய கேட்பு அல்ல.

மூன்று மாதத்துக்குப் பிறகு

இந்தச் செயல்பாட்டை ஒருமுறையோடு விடாமல் பருவத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. தேர்வு வாரத்தையும் திருவிழா வாரத்தையும் தவிர்த்து, சாதாரண வாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை நாங்கள் தாள்களைச் சேர்த்தபோது மாணவியர் பக்கத்தில் சிவப்பு கூடியிருந்தது. பெரும்பாலும் அது விளையாட்டுப் பாடவேளையின் ஒற்றைக் கட்டம்தான். மாணவர்களின் கறுப்பு பெரிதாகக் குறையவில்லை. அதற்குப் பெற்றோருடன் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. சிவப்பே இல்லாத தாளும் ஒன்று இருந்தது. பெயர் இல்லாததால் யாருடையது என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. கிளித்தட்டு நடக்கும்போது கோட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளை யார் என்று நானும் உடற்கல்வி ஆசிரியரும் பார்த்துவருகிறோம்.